டிராக்டருக்குக் கை முளைத்த கதை: மினி டிராக்டர் லோடர் ஏன் தூக்க மறுக்கிறது? யார் இந்த ஹாரி ஃபெர்குசன்?

சின்ன டிராக்டர். முன்னால் ஒரு லோடர் பக்கெட். எருக் குவியலில் குத்தி லிவரை இழுத்தால் இன்ஜின் உறுமுகிறது, பக்கெட் மட்டும் அசையவில்லை. இல்லையென்றால் பக்கெட் ஏறுகிறது, பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்குகிறது. மினி டிராக்டரில் லோடர் மாட்டிய பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். உடனே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பக்கெட் பவரை எப்படிக் கூட்டுவது?

இதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். டிராக்டருக்குள் ஹைட்ராலிக் பம்பை வைத்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு விரலால் கலப்பையைத் தூக்க வைத்தவர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தினமும் உச்சரிக்கப்படும் மாஸி ஃபெர்குசன் என்ற பெயரின் இரண்டாம் பாதி அவருடையதுதான்.

உழவு பிடிக்காத விவசாயி மகன்

ஹென்றி ஜார்ஜ் ஃபெர்குசன் 1884 நவம்பர் 4 அன்று அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில், டிரோமோர் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். எல்லோரும் ஹாரி என்றே கூப்பிட்டார்கள். அப்பா விவசாயி, மதக் கட்டுப்பாட்டில் மிகவும் கறாரானவர். வீட்டில் 11 பிள்ளைகள்.

ஹாரிக்குப் பள்ளியும் ஒட்டவில்லை, வயல் வேலையும் ஒட்டவில்லை. குதிரை பூட்டி உழுவது, நாள் முழுக்க மண்ணில் நடப்பது, அப்பாவின் கண்டிப்பு எல்லாம் சேர்ந்து வெறுப்பை உண்டாக்கின. ஊரை விட்டுக் கடல் கடந்து போய்விடலாம் என்றுகூட நினைத்திருந்தார். அண்ணன் ஜோ பெல்ஃபாஸ்ட் நகரில் சைக்கிள், கார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். 1902இல் ஹாரி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அதோடு பயண யோசனை போயே போச்சு.

இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லும் காது அவருக்கு இருந்தது. மோட்டார் சைக்கிள் ரேஸ், கார் ரேஸ் எல்லாவற்றிலும் இறங்கினார். கடைக்கு விளம்பரம் ஆச்சு, அவருக்கும் சந்தோஷம்.

அயர்லாந்தில் முதலில் பறந்தவர்

இந்தப் பகுதி பலருக்குத் தெரியாது. டிராக்டர்காரராகப் பெயர் எடுப்பதற்கு முன்னால் ஃபெர்குசன் விமானக்காரர். ரைட் சகோதரர்கள் பறந்த செய்தி அவரைத் தூங்கவிடவில்லை. தானே ஒரு விமானத்தைக் கட்டினார். 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோ பூங்காவில், காற்று பலமாக அடித்த நாளில், சுமார் 120 மீட்டர் தூரம் பறந்தார். அயர்லாந்தில் இன்ஜின் விமானத்தில் பறந்த முதல் மனிதர் அவர்தான். அடுத்த ஆண்டு நியூகாசில் கடற்கரையோரம் சுமார் 3 மைல் பறந்து 100 பவுண்டு பரிசும் வாங்கினார்.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. ஆபத்து, செலவு, கடை வேலை கெடுகிறது என்று சண்டை. 1911இல் ஹாரி பிரிந்து வந்து சொந்தமாக மோட்டார் கம்பெனி தொடங்கினார். 1913இல் மொரீன் வாட்சனைத் திருமணம் செய்துகொண்டார்.

விமானத்தை விட்டுவிட்டார். ஆனால் விமானம் கற்றுக் கொடுத்த பாடத்தை விடவில்லை. எடையைக் குறைத்துக்கொண்டே பலத்தைக் கூட்ட வேண்டும் என்பது அவருக்குப் பிடிவாதமாகவே ஆகிப்போனது. பிறகு அவர் செய்த டிராக்டர்கள் எல்லாம் இந்தப் பிடிவாதத்தின் பிள்ளைகள்தான்.

ஆளைக் கொன்ற டிராக்டர்கள்

முதல் உலகப் போர் நடந்த நேரம். உணவுப் பற்றாக்குறை. 1917இல் அயர்லாந்தின் விவசாயத் துறை, அரசு டிராக்டர்கள் வயலில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்து மேம்படுத்தும் பொறுப்பை ஃபெர்குசனிடம் கொடுத்தது. தன் மெக்கானிக் வில்லி சாண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

அங்கே பார்த்தது அவருக்கு அதிர்ச்சி. அந்தக் காலத்து டிராக்டர் என்றால் குதிரைக்குப் பதில் ஒரு இரும்பு மிருகம், அவ்வளவுதான். குதிரைக் கலப்பையையே சங்கிலி போட்டுப் பின்னால் கட்டி இழுப்பார்கள். சக்கரம் வழுக்காமல் இருக்க டிராக்டரை டன் கணக்கில் கனமாகச் செய்வார்கள். அந்தக் கனம் மண்ணை அமுக்கிக் கெட்டியாக்கிவிடும்.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. மண்ணுக்குள் மறைந்திருக்கும் பாறையிலோ வேரிலோ கலப்பை மாட்டினால் பின் சக்கரம் நின்றுவிடும், இன்ஜின் நிற்காது. அப்போது டிராக்டரின் உடம்பே பின் ஆக்சிலைச் சுற்றி மேலே எழும்பி, அப்படியே பின்னால் கவிழும். சீட்டில் இருப்பவர் அடியில் சிக்குவார். தப்பிக்க நேரமே இருக்காது. இப்படிச் செத்தவர்கள் பலர்.

டிராக்டரும் கலப்பையும் தனித்தனிப் பொருளாக இருப்பதுதான் பிரச்சினை என்று ஃபெர்குசன் பிடித்துக்கொண்டார். இரண்டையும் ஒரே இயந்திரமாக இணைக்க வேண்டும். இதைச் செய்து முடிக்க அவருக்குக் கிட்டத்தட்ட 20 வருஷம் ஆனது.

மூன்று புள்ளி, ஒரு பம்பு

இன்று எந்த டிராக்டரின் பின்பக்கம் போய்ப் பார்த்தாலும் கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க் இருக்கும். ரோட்டவேட்டரோ கொக்கிக் கலப்பையோ, மூன்று பின் போட்டால் மாட்டியாச்சு. மெக்கானிக்குகள் சுருக்கமாக லிஃப்ட் என்பார்கள். இதுதான் ஃபெர்குசன் முறை.

இதன் அழகு மேலே இருக்கும் அந்த டாப் லிங்கில் இருக்கிறது. கலப்பை மண்ணில் ஆழமாகப் போகப் போக, டாப் லிங்க் டிராக்டரை முன்பக்கமாகத் தள்ளும். அதனால் முன் சக்கரம் மேலே எழும்பாது. கலப்பையின் எடையும் மண் கீழே இழுக்கும் பாரமும் பின் சக்கரத்தின் மேல் வந்து விழும். டிராக்டர் இலேசாக இருந்தாலும், இழுக்கும் நேரத்தில் மட்டும் கனமாகிவிடும்!

அடுத்தது ஹைட்ராலிக். டாப் லிங்கில் வரும் தள்ளு விசை ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் ஒரு வால்வை நகர்த்தும். மண் கெட்டியாகி இழுவை கூடினால் வால்வு தானாகவே கலப்பையைக் கொஞ்சம் தூக்கும், மண் இளகினால் இறக்கும். டிரைவர் எதுவும் செய்ய வேண்டாம். பாறையில் மாட்டினால்? வால்வு எண்ணெயைத் திறந்து விட்டுவிடும். பின் சக்கரத்தின் மேலிருந்த பாரம் சட்டென்று போய், சக்கரம் வழுக்கிச் சுற்றும். டிராக்டர் கவிழாது, ஆள் பிழைப்பார்.

இந்த முறைக்கான முக்கியக் காப்புரிமையை 1920களின் நடுவில் பதிவு செய்தார். பெயர் ஃபெர்குசனுடையது. ஆனால் பட்டறையில் கை கறுக்க வேலை செய்து, யோசனையை இரும்பாக மாற்றியவர்களில் வில்லி சாண்ட்ஸும் ஆர்ச்சி கிரியரும் முக்கியமானவர்கள். இவர்கள் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

நடுவில் அடி மேல் அடி. அமெரிக்காவில் ஃபோர்ட்சன் டிராக்டருக்கான கலப்பையைச் செய்ய 1925இல் கூட்டு நிறுவனம் தொடங்கினார். 1928இல் அமெரிக்காவில் ஃபோர்ட்சன் உற்பத்தியே நின்றது. டிராக்டரே இல்லாமல் டிராக்டர் கலப்பையை யாருக்கு விற்பது?

சரி, நாமே டிராக்டர் செய்யலாம் என்று இறங்கினார். 1933இல் முதல் மாதிரி தயாரானது. முழுக்கக் கறுப்பு பெயின்ட். கறுப்பு டிராக்டர் என்றே அதற்குப் பெயர். இன்று அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சொத்து. அதை வைத்து டேவிட் பிரவுன் நிறுவனத்தோடு சேர்ந்து 1936 முதல் டிராக்டர் விற்றார். சுமார் 1,350 வண்டிகள்தான் வெளியே வந்தன. பெரிய வண்டி வேண்டும் என்றார் டேவிட் பிரவுன். ஒரு மாற்றமும் கூடாது என்றார் ஃபெர்குசன். உறவு முறிந்தது.

கை குலுக்கியதோடு சரி

1938 அக்டோபர். ஃபெர்குசன் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் டியர்பார்ன் போனார். ஹென்றி ஃபோர்டின் பண்ணை நிலத்தில் அதை ஓட்டிக் காட்டினார். ஃபோர்டும் விவசாயி மகன்தான், அவருக்கும் உழவு வேலை மேல் அதே வெறுப்பு. பார்த்தவுடன் புரிந்துகொண்டார்.

பிறகு இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். சாவி கொடுத்தால் ஓடும் சின்னப் பொம்மை டிராக்டரை வைத்துத் தன் முறையை ஃபெர்குசன் விளக்கினார். ஃபோர்ட் தயாரிப்பார், ஃபெர்குசன் விற்பார், காப்புரிமை ஃபெர்குசனிடமே இருக்கும். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, வக்கீல் இல்லை. கை குலுக்கினார்கள், அவ்ளோதான்.

1939 ஜூனில் ஃபோர்ட் 9என் டிராக்டர் வெளியானது. போர்க்காலத்தில் வந்த 2என் மாடலையும் சேர்த்து 1947க்குள் 3 லட்சம் வண்டிகளுக்கு மேல் தயாராகின. இங்கிலாந்தில் டேகன்ஹாமில் இருக்கும் ஃபோர்ட் ஆலையிலும் இது தயாராகும் என்று ஃபெர்குசன் நம்பியிருந்தார். அது நடக்கவே இல்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தின் முதல் விரிசல் அதுதான்.

ஹென்றி ஃபோர்ட் முதுமையில் ஒதுங்கினார். பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்ட் 1945இல் பொறுப்புக்கு வந்து கணக்கைப் பார்த்தார். டிராக்டர் பிரிவில் கம்பெனிக்கு நஷ்டம், விற்பனை லாபம் ஃபெர்குசனுக்கு. 1946 இறுதியில் உறவை முறிப்பதாக அறிவித்தார். 1947இல் தாத்தா இறந்தார். அதே ஆண்டு ஃபோர்ட் கம்பெனி 8என் என்ற புது டிராக்டரைத் தானே விற்க ஆரம்பித்தது. உள்ளே இருந்தது ஃபெர்குசனின் ஹைட்ராலிக் முறை.

ஃபெர்குசன் சும்மா விடவில்லை. 1948 ஜனவரியில் 25 கோடியே 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். உலகின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றை எதிர்த்து ஒரு தனி மனிதர். நான்கு வருஷம் இழுத்தது. 1952 ஏப்ரலில் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆனது. கேட்டதில் 4 சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்தப் பணம் காப்புரிமைக்கான தொகையாக வந்தது. பம்பு எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் வால்வை வைக்கும் ஃபெர்குசன் அமைப்பை இனி பயன்படுத்த மாட்டோம் என்றும் ஃபோர்ட் தரப்பு ஒப்புக்கொண்டது. தன் கண்டுபிடிப்பு தன்னுடையதுதான் என்பது உலகத்துக்குத் தெரிய வேண்டும், அதுதான் அவருக்கு முக்கியம்.

சாம்பல் நிறச் சின்ன வண்டி

வழக்குக்கு நடுவிலேயே இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பேனர் லேன் ஆலையில் 1946 முதல் டிஇ20 டிராக்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தயாரித்தது. எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். சாம்பல் நிறம். இன்றைய மினி டிராக்டர்களுக்கு முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம். 1956 வரை 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேல் தயாராகின.

விற்பதில் ஃபெர்குசன் ஒரு ஷோமேன். லண்டனின் ஆடம்பரமான கிளாரிட்ஜஸ் ஹோட்டலுக்குள் டிராக்டரைக் கொண்டுபோய், வாசல் படிக்கட்டில் தானே ஓட்டி இறக்கிக் காட்டினார். கலப்பையைச் சரி செய்ய ஒரே ஸ்பேனர் போதும். அந்த ஸ்பேனரிலேயே அளவுக்கோடும் பொறித்திருக்கும். ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. கூட வேலை செய்தவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்காது.

இந்த வண்டியின் பலமே அதற்கு மாட்டும் கருவிகள். கலப்பை, விதைப்பான், புல் அறுவை, டிரெய்லர் என்று பட்டியல் நீளும். அதில் ஒன்றுதான் முன்பக்க லோடர். டிராக்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் அதே பம்பின் எண்ணெயைக் குழாய் வழியாக முன்னால் கொண்டுபோய், சாணி எருவை வாரித் தூக்க வைத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் இங்கிலாந்தின் உட்டாக்ஸிட்டரில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற இன்னொருவரும் டிராக்டருக்கு ஹைட்ராலிக் லோடர் செய்துகொண்டிருந்தார். அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் ஜேசிபி.

டிஇ20 லோடரில் ஒரு தொல்லை உண்டு. பம்பு பிடிஓ ஷாஃப்டில் ஓடும், அந்த ஷாஃப்டுக்குச் சக்தி கிளட்ச் வழியாக வரும். அதனால் கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும், பக்கெட் பாதியில் நிற்கும். லோடர் வேலையோ முன்னும் பின்னும் கியர் மாற்றிக்கொண்டே இருக்கும் வேலை. பிறகு வந்த டிராக்டர்களில் இரட்டை கிளட்ச், இன்ஜினிலிருந்தே நேராக ஓடும் பம்பு என்று இதற்கு வழி செய்தார்கள்.

அப்போ பக்கெட் பவரைக் கூட்டுவது எப்படி?

ஹைட்ராலிக்கின் அடிப்படை 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொன்னதுதான். எண்ணெயின் அழுத்தம் பெருக்கல் பிஸ்டனின் பரப்பு, அதுதான் தூக்கும் விசை. உதாரணத்துக்கு 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர், 150 பார் அழுத்தம் என்றால் ஒரு சிலிண்டர் சுமார் 3 டன் விசையில் தள்ளும். பக்கெட் முனைக்கு வருவதற்குள் கைகளின் நீளத்தால் இது சில நூறு கிலோவாகச் சுருங்கிவிடும். சிலிண்டர் லோடர் கையின் மூட்டுக்குப் பக்கத்தில் தள்ளுகிறது, சுமையோ தூரத்தில் நுனியில் இருக்கிறது.

இங்கே நிறைய பேர் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரை ஏற்றினால் தூக்கும் பலம் கூடும் என்பது. நல்ல பம்பில் அப்படி இல்லை. இன்ஜின் வேகம் கூடினால் எண்ணெய் ஓட்டம் கூடும், பக்கெட் சீக்கிரம் ஏறும், ஆனா அதே எடைதான். அழுத்தத்தின் உச்சத்தை முடிவு செய்வது ரிலீஃப் வால்வு. ரேஸ் கொடுத்தால்தான் தூக்குகிறது என்றால் பம்பு தேய்ந்து உள்ளே கசிகிறது என்று அர்த்தம்.

அதனால் முதல் வேலை ஸ்பேனரை எடுப்பது இல்லை, கேஜ் மாட்டுவது. எண்ணெய் சூடான பிறகு, சிலிண்டரைக் கடைசி வரை நீட்டிப் பிடித்து, அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். டிராக்டர் கையேட்டில் போட்டிருப்பதை விடக் குறைவாக இருந்தால் உங்கள் லோடருக்குச் சேர வேண்டிய பலமே சேரவில்லை. எண்ணெய் மட்டம், அடைத்த ஃபில்டர், உறிஞ்சும் குழாயில் காற்று, சிலிண்டர் சீல், தளர்ந்த ரிலீஃப் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும், செலவும் குறைவு.

ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் மெல்லிய வாஷர் ஒன்று போட்டு அழுத்தத்தைக் கூட்டும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அழுத்தம் 10 சதவீதம் கூடினால் தூக்கும் பலமும் 10 சதவீதம்தான் கூடும். கையேட்டில் சொன்ன அளவு வரை கொண்டுவருவது சரி. அதைத் தாண்டினால் ஹோஸ் வெடிக்கலாம், பம்பு போகலாம், லோடர் கை வளையலாம். ஊசி முனை ஓட்டையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது, அட்டையை நீட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி.

சிலிண்டரைப் பெரிதாக மாற்றலாமா? 50 மில்லிமீட்டருக்குப் பதில் 63 போட்டால் அதே அழுத்தத்தில் பலம் ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். ஆனால் அதே பம்பு நிரப்ப வேண்டிய எண்ணெயும் அவ்வளவு கூடுவதால் பக்கெட் மெதுவாகத்தான் ஏறும். முன் ஆக்சிலும் லோடர் சட்டமும் அந்தப் பாரத்துக்குச் செய்தவை இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். சின்ன பக்கெட் மாட்டுவது, சுமையை டிராக்டருக்கு நெருக்கமாக வைப்பது, மண்ணைக் குத்தப் பக்கெட்டில் பல் வைப்பது எல்லாம் இதைவிடப் பத்திரமான வழிகள்.

இப்போது ஃபெர்குசனிடம் திரும்ப வர வேண்டும். அவர் முறையில் பின்னால் மாட்டும் கலப்பை, பின் சக்கரத்தின் மேல் பாரத்தை ஏற்றியது. லோடர் இதைத் தலைகீழாக்குகிறது. முன்னால் சுமை ஏற ஏற, பின் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை குறைகிறது. பிடிமானம் போகிறது, பிரேக்கும் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான். சரிவில் பக்கெட்டை உயரத் தூக்கித் திரும்பினால் வண்டி பக்கவாட்டில் சாயும். பவர் போதவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் போதாதது பின்பக்க எடைதான். பம்பு தூக்கத் தயார், டிராக்டர் உட்காரத் தயாரில்லை.

இதற்கான மருந்தும் அவர் விட்டுப்போன அந்த மூன்று புள்ளிகளில்தான் தொங்குகிறது. கான்கிரீட் நிரப்பிய பெட்டியையோ கனமான கருவியையோ பின் லிஃப்டில் மாட்டி, தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லோடர் ஓட்ட வேண்டும். எவ்வளவு எடை என்பது லோடர் கையேட்டில் இருக்கும். பக்கெட்டைத் தாழ்வாக வைத்தே நகர வேண்டும்.

ஒரு நாணயம், பத்து லட்சம் டாலர்

1953இல் ஃபெர்குசன் தன் கம்பெனியைக் கனடாவின் மாஸி-ஹாரிஸோடு இணைத்தார். விலை பேசும்போது 10 லட்சம் டாலர் வித்தியாசத்தில் பேச்சு முட்டி நின்றது. நாணயம் சுண்டிப் பார்த்துவிடலாம் என்றார். சுண்டினார்கள், தோற்றார். ஃபோர்டிடம் நாலு வருஷம் கோர்ட்டில் நின்றவர், இதைச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். மனிதர்களைப் புரிந்துகொள்வது கஷ்டம்தான்.

புதுக் கம்பெனியிலும் ஒத்துப்போகவில்லை. 1954இல் தலைவர் பதவியை விட்டு வெளியேறினார். பிறகு நான்கு சக்கரமும் இழுக்கும் கார் செய்வதில் மூழ்கினார். அவருடைய சாம்பல் வண்டிகள் அவர் இல்லாமலே பேர் வாங்கிக்கொண்டிருந்தன. 1958 ஜனவரி 4 அன்று எட்மண்ட் ஹிலாரி குழு ஃபெர்குசன் டிராக்டர்களில்தான் தென் துருவத்தை அடைந்தது. பனியில் ஓட டயர்களின் மேல் செயின் பட்டை மாட்டியிருந்தார்கள்.

கடைசி ஆண்டுகள் இருட்டாக இருந்தன. தூக்கமின்மையும் மனச்சோர்வும் அவரை நீண்ட காலமாகவே வாட்டின. 1960 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்தில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 75. தூக்க மருந்து அளவு மீறியதே காரணம் என்று தெரிந்தது. அது தவறுதலா, வேறு ஏதாவதா என்று விசாரணையில் முடிவு சொல்லப்படவில்லை.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் செய்த பி99 ரேஸ் காரை ஓட்டி, ஓல்டன் பார்க்கில் ஸ்டர்லிங் மாஸ் ஜெயித்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபார்முலா 1 கார் ஒன்று பந்தயம் ஜெயித்தது அன்று மட்டும்தான்.

சென்னைக்கு வந்த பெயர்

ஃபெர்குசன் இறந்த அதே 1960இல்தான் சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் கூட்டோடு தொடங்கியது. அப்போதிருந்து அந்தப் பெயர் தஞ்சாவூர் வயலிலும் கொங்கு நாட்டுத் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், இன்று எந்தக் கம்பெனி டிராக்டர் வாங்கினாலும் பின்னால் இருப்பது அதே மூன்று புள்ளி இணைப்புதான். வண்டியின் அளவுக்கேற்ப பின்னின் தடிமனும் கைகளின் இடைவெளியும் மட்டும் மாறும். லோடருக்குப் பின் எடைப் பெட்டி வாங்கப் போகிறவர்கள், தங்கள் வண்டியின் பின் அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.